முந்திக் கேட்ட சத்தம்

சமையலறைக் குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, அதே சொட்டு அவளுடைய மேசை மீதும் விழுந்தது. மேசை நனையவில்லை. வெறும் சத்தம்தான், மடிக்கணினியின் ஒலிபெருக்கியிலிருந்து.

அவள் மெய்ப்புத் திருத்துபவள். மூன்றாம் மாடி வீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர் எழுத்தில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்தே கண் பூத்துப்போனவள். காலையிலிருந்து திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து குந்திக்கொண்டு வேலை செய்ய விடவில்லை. 'உங்கள் கணினிக்கு பாதுகாப்பு இல்லை. உடனே புதுப்பிக்கவும்.' 'கணினிக்குப்' என்றல்லவா இருக்க வேண்டும் என்று கை துறுதுறுத்தது. கணினி பழுது பார்க்கும் தம்பி படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்: "தானா வந்து நிக்கிற எதையும் அமுக்காதக்கா. மூடிட்டு எனக்கு ஃபோன் பண்ணு." மாலைக்குள் நாற்பது பக்கம் முடிக்க வேண்டியிருந்தது. அமுக்கிவிட்டாள்.

பெட்டி மறைந்தது. திரைக்கு மேலே, கேமராவின் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது.

மதியம் முழுக்க மழை. சன்னல் வழியே ஈரச் சிமெண்ட் வாசம் உள்ளே வந்துகொண்டிருந்தது. நாற்காலி கிறீச்சிட்டால் கொஞ்சம் பிந்தி ஒலிபெருக்கியிலும் கிறீச்சிட்டது. அவள் இருமினால் அதுவும் இருமியது. போகப்போக அந்த இடைவெளி குறுகிக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டும் ஒன்றாகவே கேட்டன.

அப்புறம் கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது.

சமையலறைக்கு ஓடினாள். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. பெருமூச்சு விட்டுத் திரும்பியபோது முழங்கை பட்டு, மேடையிலிருந்த கண்ணாடி டம்ளர் விழுந்து நொறுங்கியது. அச்சு அசல் அதே சத்தம்.

தம்பியை ஃபோனில் அழைத்து, பெட்டியை அமுக்கியதைச் சொன்னாள்.

"நெட் வயரப் பிடுங்கு. பட்டன விடாம அமுக்கி அணைச்சிடு. கடையச் சாத்திட்டு வரேன், அரை மணி நேரம் ஆகும்."

"டேய், அது நடக்கறதுக்கு முன்னாடியே..."

"வரேன்க்கா. எதையும் தொடாம இரு."

வயரைப் பிடுங்கினாள். பட்டனை விடாமல் அமுக்கினாள். திரை கறுத்தது, பச்சைப் புள்ளியும் அணைந்தது. மூடியைச் சாத்தி அதன்மேல் தலையணையை வைத்தாள்.

தலையணைக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. படியில் சின்னச் செருப்புகள். அழைப்பு மணி. "அம்மா, தொறம்மா." தாழ்ப்பாள் இழுபடும் ஓசை. பிறகு ஒரு பெண் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அது தன் குரல்தான் என்று புரிய அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

மணி நான்காகப் பத்து நிமிடம். நான்கு மணிக்குப் பள்ளி வேன் வந்துவிடும். கீழே போய் மகளைக் கூட்டிவரலாம். அதற்கும் இந்தத் தாழ்ப்பாளைத்தான் திறக்க வேண்டும். திறந்தால்தானே கத்தல்? திறக்கப் போவதில்லை. கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

படியில் சின்னச் செருப்புகள். மணி அடித்தது.

"அம்மா, தொறம்மா."

"இரு கண்ணு. மாமா வரட்டும்."

"நனைஞ்சுட்டேம்மா. குளுருது."

"கொஞ்ச நேரம். சமத்தில்ல?"

பிஞ்சுக் கை கதவைத் தட்டியது. பிறகு தட்டுவது நின்றது.

"அம்மா, கீழ லைட்டு அணைஞ்சு போச்சு." சற்றுப் பொறுத்து, "யாரோ ஏறி வராங்க."

"மாமாவா?"

"இல்ல." குழந்தையின் குரல் கதவைவிட்டு விலகிப் போயிற்று. "உன்ன மாதிரியே இருக்காங்கம்மா."

எழுந்தாள். கை வழுக்கியது. தாழ்ப்பாள் வரவில்லை. மறுபடி இழுத்தாள். வந்தது.

வாசலில் யாரும் இல்லை. தரையில் ஈரக் காலடிகள், சின்னதாக இரண்டு. அவற்றின் எதிரே பெரிதாக இரண்டு.

கைப்பிடிச் சுவரைப் பற்றி எட்டிப் பார்த்தாள். இரண்டு மாடிக்குக் கீழே, அரை இருட்டில், அவள் மகள் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள். பிடித்திருந்த கையில் இவளுடைய வளையல். இவளுடைய நீல உடை. இவளுடைய பின்னல்.

கத்தினாள், முன்பு கேட்ட அதே கத்தல். அந்த ஒரு கத்தலோடு சரி, குரல் போய்விட்டது. மறுபடி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. ஓடப் பார்த்தாள். கால் நகரவில்லை.

கீழே மகள் நின்றாள்.

"மேல யாரும்மா கத்துறது?"

"யாருமில்ல கண்ணு," என்றது அவளுடைய குரல், பொறுமையாக, அன்பாக. "படி ஈரமா இருக்கு. பாத்து எறங்கு."