பதினேழாம் நம்பர் கேசட்

ஓடவிடும் பொத்தானைத்தான் நாகராசு அழுத்தினார். ஆனால் வீடியோ டெக்கில் பதிவுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது.

நிறுத்தினார். கேசட்டை வெளியே எடுத்து அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தார். அங்கே இருக்க வேண்டிய சின்னப் பிளாஸ்டிக் பல் உடைந்துதான் இருந்தது. பல் உடைந்த கேசட்டில் எந்த டெக்கும் புதிதாக எதையும் பதியாது. உள்ளே இருப்பதை யாரும் அழித்துவிடக் கூடாது என்பதற்காகவே படங்களை இயக்கிய செபமாலை, எடுத்த கையோடு ஒவ்வொரு கேசட்டிலும் அந்தப் பல்லை உடைத்து வைப்பார். விளக்கில்தான் ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி செருகினார். மறுபடியும் சிவப்பு.

மதியம் மூன்று மணி. தூசி வரக் கூடாதென்று சன்னலை அடைத்திருந்த அந்தச் சின்ன அறைக்குள் டெக் துடைக்கும் ஸ்பிரிட்டின் வாசமும் பழைய நாடாவின் பூஞ்சை வாசமும், அவற்றுக்கு அடியில், இன்று காலையிலிருந்துதான், உடைத்த கருங்கல்லின் சூடான வாசமும் சேர்ந்து நின்றன. மின்விசிறிச் சத்தத்துக்குப் பின்னால் எங்கோ உளி விழுவதுபோல விட்டுவிட்டுக் கேட்டது. பக்கத்தில் யாரோ வீடு கட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். பக்கத்தில் யாரும் வீடு கட்டவில்லை என்பது அவருக்கே தெரியும்.

செபமாலை எந்தக் கம்பெனிக்கும் எந்தக் கட்சிக்கும் படம் எடுக்காத மனுஷன். ஒரு கேமரா, ஒரு மொபெட், பின்சீட்டில் கேமராமேன் நாகராசு. கோட்டைப்பட்டினத்துப் படகுக்காரர்கள், வறண்ட கண்மாய்கள், கல்குவாரித் தொழிலாளிகள் என்று மாவட்டம் முழுக்க அலைந்து எடுத்து, ஊர்ச் சாவடிச் சுவரில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் போட்டுக் காட்டினார். போன பங்குனியில் அவர் செத்ததும் நாற்பத்திரண்டு கேசட்டும் ஷர்லி கைக்கு வந்தன. மாவட்டத்தில் இப்படிச் சொந்தமாக எடுத்த படங்களையெல்லாம் தேடிப் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் காப்பாற்றுவதுதான் அந்தப் பெண்ணின் வேலை. பொன்னமராவதியில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒரே டெக் நாகராசுவுடையது. அதனால் ஏற்றுகிற பொறுப்பு அவருக்கு வந்தது. அடுத்த வாரம் புதுக்கோட்டையில் முதல் திரையிடல், அவருக்குப் பொன்னாடை. அதற்கென்று வெள்ளைச் சட்டை தைத்து, இரண்டு முறை போட்டும் பார்த்துவிட்டார்.

போன் அடித்தது. ஷர்லிதான்.

"அண்ணே, எல்லாம் வந்துருச்சு, பதினேழு மட்டும் வரலியே? 'குவாரி, செங்கமலம், நாப்பது நிமிசம்'னு அவரு நோட்டுல எழுதிருக்காரு."

"அது பூஞ்ச புடிச்சு வீணாப் போச்சும்மா."

"இருந்தாலும் குடுங்கண்ணே, கழுவிப் பாக்கலாம். அந்தம்மா பேசுனது வேற எங்கயுமே இல்ல."

"பாக்குறேன், பாக்குறேன்" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு வராத வெட்கம் இன்றைக்கா வரும்?

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், குவாரியில் பாறை சரிந்து செங்கமலத்தின் புருஷன் நசுங்கிப் போனான். பார்த்தவர்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொள்ள, அவள் ஒருத்திதான் கேமரா முன்னால் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். அந்த ஒரு கேசட்தான் சாட்சி. விசாரணைக்கு முந்தின நாள் குவாரி முதலாளி நாகராசுவைக் கூப்பிட்டனுப்பினார். ஊருக்குள் கேபிள் இழுத்துச் சொந்தச் சேனல் நடத்த வேண்டும் என்பது நாகராசுவின் ஆசை. அதற்கு முதலாளி ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டுக்கு வந்து, உடைந்த பல்லின் பள்ளத்தில் செல்லோ டேப்பை ஒட்டினார். டெக் ஏமாந்துபோகும். கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை அது. முதலாளி வீட்டுக் காதுகுத்தை அதன் மேல் பதிந்தார்.

மறுநாள் அதிகாரி முன்னால் போட்டபோது மேளம் முழங்கியது, தாய்மாமன் மடியில் குழந்தை அழுதது. கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "கேசட்டு மாறிப் போச்சுண்ணே" என்றார் நாகராசு. செபமாலை சாகும்வரை அதை நம்பினார். செங்கமலம் நம்பவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நாகராசுவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாயால் சொன்னதை அதிகாரி எழுதிக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் கழித்துக் குவாரிப் பள்ளத்துத் தண்ணீரில் மிதந்தாள்.

திரையிடலுக்கு முன் சரிபார்க்கப் போட்ட கேசட், சிவப்பு விளக்கு எரிந்தபடியே ஓடியது. கோட்டைப்பட்டினத்துக் கரை, படகு, ஒரு கிழவர். ஒவ்வொரு பேட்டிக்கும் முன்னால் கேமராவுக்குப் பின்னிருந்து நாகராசுவின் குரல் "பேரச் சொல்லுங்க" என்று கேட்கும். கிழவர் கேமராவைப் பார்த்துக் காத்திருந்தார். கேள்வி வரவில்லை. அந்த இடத்தில் கேமராவுக்குப் பின்னிருந்து ஒரு பெண் மூச்சு விடுவது கேட்டது.

அடுத்த கேசட்டைப் போட்டார். அதிலும் அவர் குரல் இல்லை. அதற்கடுத்ததில் கண்மாய்க் கரையில் கேமராவோடு அவர் நிழல் விழும் காட்சி உண்டு, அவருக்கு மனப்பாடம். நிழல் விழுந்தது. சேலை கட்டிய நிழல். நாகராசுவுக்குப் பயம் வந்தது. கேசட்டை உருவினார். நாடா டெக்குக்குள் சிக்கி இழுபட்டது, இழுபட்டுக்கொண்டே ஓடியது.

சிக்கிய நாடாவைப் பிய்த்து எடுத்துவிட்டு, அதிலாவது தான் இருக்கிறோமா என்று பார்க்க, அலமாரியிலிருந்து தன் கல்யாணக் கேசட்டை எடுத்துச் செருகினார். மணவறை. சொர்ணவல்லி குனிந்திருக்கிறாள். தாலியோடு ஒரு கை நீண்டது. கல்தூசி படிந்த கை. வளையல் இல்லாத கை. மாப்பிள்ளை மாலைக்குள்ளிருந்து செங்கமலம் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

வயரைப் பிடுங்கினார். விளக்கு அணையவில்லை. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைப் பார்த்தார். மாப்பிள்ளை நின்ற இடம் வெறுமை. உளிச் சத்தம் கிட்டே வந்தது. அறைக்குள். நெஞ்சுக்குள்.

"சொர்ணம்" என்று கூப்பிட்டார். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. நாக்கில் மணல்.

டீ டம்ளரோடு வந்த சொர்ணவல்லி வாசற்படியிலேயே நின்றாள்.

"யாரும்மா நீ? இங்கிட்டு எப்பிடி வந்த? எங்க வீட்டுக்காரர எங்க?"

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"எம் பேரு செங்கமலம்" என்றது வாய். "எம் புருசன் பேரு ராக்கன். அன்னைக்குக் காலையில கஞ்சிய முழுசாக் குடிக்கல. வந்து குடிக்கிறேன்னாரு."

சொர்ணவல்லி கொல்லைப்புறம் ஓடி "ஏங்க! ஏங்க!" என்று கூப்பிட்டாள். தெருவில் கூப்பிட்டாள். திரும்பி வந்தபோது எதற்காக ஓடினோம் என்று யோசிக்கிறவள் மாதிரி நின்றாள். பிறகு எதிரே தரையில் உட்கார்ந்தாள். வாய் சொல்லிக்கொண்டே போனது: வெடி வைத்த நேரம், சரிந்த பாறை, வெளியே தெரிந்த ஒரு கால், அதில் இருந்த செருப்பு. அன்றைக்குக் கேமராவைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்ட நாகராசு, இன்றைக்கு ஒவ்வொரு சொல்லையும் தன் தொண்டை வழியாகக் கேட்டார். உதட்டோரம் கல்தூசி உதிர்ந்தது. சொர்ணவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த டீயக் குடிம்மா. ஆறிப் போகும்."

போன் அடித்தது. ஷர்லிதான். சொர்ணவல்லி எடுத்தாள்.

"நாகராசா? அப்பிடி யாரும் இங்க இல்லையேங்க. வீட்டுல நான் ஒருத்திதான். இங்க ஒரு பொம்பள வந்து ஒக்காந்துருக்கு, பாவம். புருசன் செத்த கதையச் சொல்லுது. கேக்கவே முடியல. வீடியோ எடுக்குறவங்கன்னா சீக்கிரம் வாங்க."

சொர்ணம், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று உள்ளே கத்தினார். சொர்ணம், என்னைப் பார். அவள் பார்த்தாள். பரிதாபமாகப் பார்த்தாள்.

நாற்பதாவது நிமிடம் முடிந்ததும் வாய் மூடியது. ஒரு நொடி. பிறகு மறுபடி திறந்து, முதலிலிருந்து தொடங்கியது.