மஞ்சள் எரியாத வளைவு

ஆறாம் வளைவுக்குள் நுழையும்போது மாறனின் காரை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போலிருந்தது. அவன் எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. தலைக்கவசத்தின் கண்ணாடியில் சிவப்பில் ஒரே ஒரு சொல் மின்னியது: ‘வேகக்கட்டு.’

முன்னால் போன ரூபாவின் நீலக் கார் வளைவைத் தாண்டி மறைந்தது. மாறன் ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினான்.

‘முன்னுணரி’ வந்த பிறகு செங்கரைப் பந்தயத் தளத்தில் ஒரு உயிர்கூடப் போனதில்லை. அதற்கு முன்பெல்லாம் கார் கவிழ்ந்த பிறகுதான் ஓரத்தில் நிற்பவர் கொடியை ஆட்டுவார். முன்னுணரி அப்படிக் காத்திருப்பதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் விரல்களின் இறுக்கம், நாடித்துடிப்பு, கண் ஓடும் திசை எல்லாவற்றையும் அது படித்துக்கொண்டே இருக்கும். ஒருவரால் ஆபத்து வரப்போகிறது என்று தெரிந்தால், பக்கத்தில் இருப்பவர்களின் தலைக்கவசத்தில் அந்தத் திசையில் மஞ்சள் ஒளி எரியும். அப்படியும் அவர் அடங்கவில்லை என்றால் அவருடைய காரின் விசையையே குறைத்துவிடும்; அதுதான் வேகக்கட்டு. தளத்துக்கடியில் புதைத்திருக்கும் காலக்கண்கள் மயிரிழை நேரத்தையும் அளந்து பெரிய திரையில் போட்டுவிடும் என்பதால், இழந்த வேகத்தை யாரிடமும் மறைக்க முடியாது.

அன்றைய பயிற்சி முடிந்தபோது அந்தத் திரையில் ரூபாவின் பெயர் முதலில் இருந்தது. மாறன் ஐந்தாவது.

ரூபா தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே வந்தாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. “இன்னைக்கும் பின்னாடி மஞ்சள் எரிஞ்சுட்டே இருந்துச்சு மாறா. யாரு அப்படி என் வாலைப் புடிச்சுட்டு வந்தது?”

“அந்தக் கோயம்புத்தூர்க்காரனா இருக்கும்” என்றான் மாறன்.

அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடித்தாள். அவர்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகிறது. பந்தயத்துக்கு முதலில் வந்தவன் அவன்தான். ஆனால் நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் சிரிப்பது அவள் முகம். பெட்ரோல் பங்க்கில் ஒருவர் ஓடிவந்து கைகொடுத்துவிட்டு, “நீங்க ரூபா மேடத்தோட வீட்டுக்காரர்தானே?” என்று கேட்டபோது மாறன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அன்று வீடு வரும்வரை கார் எண்பதுக்குக் கீழே இறங்கவில்லை. அவள் ஜெயிக்கும்போதெல்லாம் முதலில் கைதட்டுவது அவன்தான். உள்ளங்கை எரியும்வரை தட்டுவான்.

ஆசியத் தொடருக்கு இந்த வருஷம் ஒரே ஓட்டுநரைத்தான் அனுப்பப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் ஜெயிப்பவருக்கு அந்த இடம்.

மாறன் நேரே கணிப்பறைக்குப் போனான். முன்னுணரியைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் நஸ்ரீன் திரைகளுக்கு நடுவே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“மேடம், என் கார்ல உணரி ஏதோ கெட்டுப்போயிருக்கு. சும்மா சும்மா கட்டு விழுது.”

நஸ்ரீன் அவனுடைய பதிவுகளைத் திரையில் வரவழைத்துப் பார்த்தார். “கெட்டுப்போகல மாறன். இங்க பாருங்க. வேற யார் பின்னாடி போனாலும் உங்க கை தளர்வாத்தான் இருக்கு. ரூபா பின்னாடி போகும்போது மட்டும் இறுகுது. கண்ணு பாதையைப் பார்க்கல, அவங்க பின்சக்கரத்தையே பார்க்குது.”

“நான் அவளை இடிக்கணும்னு நினைச்சதே இல்ல!”

“நீங்க நினைச்சீங்கன்னு அது சொல்லலையே. இதுக்கு முன்னாடி விபத்து பண்ணவங்களுக்கு எல்லாம் கை இப்படித்தான் இருந்திருக்கு. அது மட்டும்தான் அதுக்குத் தெரியும்.”

“இதுக்கு என்ன பேரு மேடம்?”

“மெஷினுக்குப் பேரு தெரியாது” என்றார் நஸ்ரீன். அவனுக்குத் தெரியும் என்பது போல டீயைப் பார்த்துக்கொண்டார்.

“சரி, எனக்கு முன்னாடி யாருமே இல்லன்னா?”

“கட்டு விழ வாய்ப்பில்ல. முன்னாடி போறவங்களுக்கு இதுவரைக்கும் விழுந்ததில்ல.”

வீட்டுக்குப் போகும் வழியில் காரை ரூபா ஓட்டினாள். சுங்கச்சாவடி தாண்டியதும் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். “அந்த மஞ்சள் யாருதுன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்.”

மாறனுக்குக் காது சுட்டது. “அப்புறம் எதுக்குக் கேட்டே?”

“நீயே சொல்லுவேன்னு பார்த்தேன்.” அவள் கியர் மாற்றினாள். “ஞாயித்துக்கெழம ஆரம்பத்துல நான் வழி விடறேன். நீ முன்னாடி போ. கட்டு இல்லாம உன் நிஜமான வேகம் என்னன்னு பார்த்துடலாம்.”

“பிச்சை போடறியா?”

“பிச்சையா? முதல் வளைவு வரைக்கும்தான். அதுக்கப்புறம் விடாம துரத்துவேன். முடிஞ்சா தப்பிச்சுக்கோ.”

வேண்டாம் என்று சொல்லிவிட அவனுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொல்லவில்லை. அதற்காகவும் அவள்மேலேயே கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடியே முதல் வளைவில் நீலக் கார் அகலமாக வெளியே போனது. மாறன் உள்பக்கமாகப் புகுந்து முன்னால் வந்தான். எதிரே வெறும் தளம். கார் சொன்ன பேச்சைக் கேட்டது. வளைவுகள் ஒவ்வொன்றும் கைக்குள் வந்து உட்கார்ந்தன. மூன்றாம் சுற்றில் காலக்கண் காட்டியது செங்கரையின் புதிய சாதனை நேரம். மாறன் வாய்விட்டுச் சிரித்தான். நான் இவ்வளவு வேகமானவனா? இத்தனை நாள் எங்கே போயிருந்தேன்?

பின்னால் ரூபா விடாமல் வந்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் வெகு தூரத்தில் இருந்தார்கள். மாறன் தலைக்கவசக் கண்ணாடியில் பின்திசையைக் காட்டும் ஓரத்தைப் பார்த்தான். அங்கே மஞ்சள் இல்லை.

அடுத்த சுற்றிலும் பார்த்தான். இல்லை.

அவள் காரின் மூக்கு கிட்டத்தட்ட அவன் காரை உரசும் தூரத்தில் இருந்தது. ஆசியத் தொடர் அவள் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய விரல்கள் ஒருமுறைகூட இறுகவில்லையா? அவனுடைய சாதனை நேரத்தைத் திரையில் பார்த்தபோதுகூட அவளுக்கு நெஞ்சில் ஒன்றும் தைக்கவில்லையா? ஒரு பொட்டு மஞ்சள் போதும் அவனுக்கு. அது வந்துவிட்டால் பெட்ரோல் பங்க், பலகை, கைதட்டல் எல்லாவற்றுக்கும் கணக்குத் தீர்ந்துவிடும்.

கடைசிச் சுற்றில் அவன் பாதையைப் பார்த்ததைவிட அந்த ஓரத்தைப் பார்த்ததுதான் அதிகம். எரி, எரி என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். ஸ்டியரிங்கில் அவன் விரல்கள் வெளுத்துப்போயிருந்ததை அவன் கவனிக்கவில்லை. முன்னுணரி கவனித்தது.

ஆறாம் வளைவில் சிவப்பு மின்னியது. ‘வேகக்கட்டு.’

நீலக் கார் வெளிப்பக்கமாக ஒதுங்கி, அவனுக்குத் தாராளமாக இடம் விட்டு, கடந்து போனது.

கூட்டத்தின் சத்தம் அடங்கிய பிறகு நஸ்ரீன் கீழே இறங்கி வந்தார். “முன்னாடி போற காருக்குக் கட்டு விழுந்ததை நான் இன்னைக்குத்தான் பார்க்கறேன்” என்றார். அதற்கு மேல் கேட்க அவருக்கு மனசு வரவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

ரூபா கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “முன்னாடி யாருமே இல்லையே மாறா. யாரைப் பார்த்து உனக்கு...”

மாறன் அவள் பக்கம் திரும்பினான். “ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. அத்தனை நேரம் என் பின்னாடி வந்தியே. உனக்கு என்மேல கொஞ்சம்கூடப் பொறாமையே வரலையா?”

ரூபா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

“இல்ல. நீ அவ்ளோ அழகா ஓட்டினே. அதைத்தான் பார்த்துட்டே வந்தேன்.”

வேறு யார் மனைவி சொல்லியிருந்தாலும், ஆறுதலுக்குச் சொல்கிறாள், மனசுக்குள் வேறு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அந்தக் கணவன் தூங்கப் போயிருப்பான். அப்படி நினைத்துக்கொள்ள மாறனுக்கு அந்த இயந்திரம் இடம் வைக்கவில்லை.