பாச்சா மாமா எங்கேதான் போகிறார்?

பாச்சா மாமா லீவில் வந்தாலே ரமாமணிக்குக் கால் தரையில் பாவாது. சும்மாவா? பெங்களூரில் ஜெட் விமானம் ஓட்டுகிற மாமா ஆயிற்றே! அந்த அறுபத்தெட்டாம் வருஷத்தில் சின்னக் காஞ்சிபுரத்தில் வேறு யாருக்கு அப்படி ஒரு மாமா இருந்தார்?

ஆனால் வகுப்பில் தர்மன் ஒரே கேள்வியில் அவள் வாயை அடைத்துவிட்டான்.

“உங்க மாமா பிளேன்ல எந்தெந்த ஊருக்குப் போயிருக்காரு?”

சாயங்காலம் அதை அப்படியே மாமாவிடம் கேட்டாள்.

“எந்த ஊருக்கும் போறதில்லடி. ஏறுவேன். திரும்பி அதே எடத்துல எறங்குவேன்.”

“அதுக்கு எதுக்கு மாமா பிளேன்?” ரமாமணியின் முகம் வாடிவிட்டது.

மாமா சிரித்தார். “புதுசா செஞ்ச போர் விமானத்துல மொதல்ல நான்தான் ஏறணும். மேலே போய் அதைத் தலைகீழாத் திருப்பிப் பார்ப்பேன். எது சரியில்லைன்னு வந்து சொல்வேன். ஒரு தடவை நடுவானத்துல எஞ்சினே நின்னுடுத்து. மெதுவா எறக்கிண்டு வந்தேன்.”

“பயமா இல்லையா?”

“இருந்தது. ஆனா எனக்கப்புறம் சின்னப் பசங்க ஏறுவா. அவா விழக் கூடாதோன்னோ?”

மறுநாள் இதைச் சொன்னதும் தர்மன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “ஏறுன எடத்துலயே எறங்க ஒரு ஆளா!”

வகுப்பே சிரித்தது. ரமாமணிக்கு அழுகை முட்டியது.

மத்தியானம் தர்மன் பள்ளிக்கூடத்துப் புளியமரத்தில் ஊஞ்சல் கட்டினான். “தறிக்குன்னு எங்கப்பா வாங்குன புதுக் கயிறு. யானையே தாங்கும்!” ஒன்றாம் வகுப்பில் படிக்கும் அவன் தங்கை காந்தா, நான்தான் முதலில் என்று குதித்துக்கொண்டிருந்தாள்.

ரமாமணி கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. கீழே புளியமரத்து வேர்கள் புடைத்துக்கொண்டிருந்தன. தர்மன் மேல் இருந்த கோபம் தீரவில்லைதான். ஆனால் காந்தா என்ன செய்வாள், பாவம்!

“காந்தா, கொஞ்சம் இரு. மொதல்ல நான் ஏறறேன்.”

“ஆசையப் பாரு!” என்றான் தர்மன்.

ரமாமணி கயிற்றை உலுக்கினாள். உட்கார்ந்து தாழ்வாக ஆடினாள். கொஞ்சம் வேகம் பிடித்ததும் மேலே முடிச்சு நழுவியது. தொப்!

எல்லோரும் சிரித்தார்கள். தர்மன் மட்டும் சிரிக்கவில்லை. வேர்களைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், ஓடி வந்து ரமாமணியைத் தூக்கிவிட்டான்.

“கயிறு நன்னாத்தான் இருக்கு. முடிச்சுதான் நழுவறது. இன்னும் ரெண்டு சுத்து சுத்தி இறுக்கிக் கட்டு.”

அவன் மறுபேச்சில்லாமல் கட்டினான். ரமாமணி இன்னொரு தடவை ஆடிப் பார்த்துவிட்டுத்தான் காந்தாவைத் தூக்கி உட்கார வைத்தாள்.

சாயங்காலம் தர்மனும் அவளோடு வீட்டுக்கு வந்தான்.

“என்னடி, முழங்கால்ல ரத்தம்? எங்கே போயிட்டு வரே?” என்று பதறினார் மாமா.

அவளை முந்திக்கொண்டு தர்மன் சொன்னான்: “எங்கியும் போவல சார். ஊஞ்சல்ல ஏறுனா, அதே எடத்துல எறங்குனா. அதனாலதான் எங்க காந்தா விழல.”

மாமா தன் தட்டில் இருந்த தேன்குழலை எல்லாம் ரமாமணி கையில் கொட்டினார். அதில் பாதி தர்மனுக்குப் போனது.