ஓபி கிரீன்லீ விழுந்த முப்பதாவது கஜம்

காலை 10.40.

நாற்பது கஜ ஓட்டத்தில் முப்பதாவது கஜம் வரைக்கும் ஓபி கிரீன்லீ ஓடினான். அதற்குப் பிறகு அவன் கால்கள் மட்டும் ஓடின, தலை தூங்கிவிட்டது. இருநூற்று முப்பத்திரண்டு பவுண்டு ஆள் முகங்குப்புற விழுந்த அதிர்ச்சியில், கோல் கம்பத்தில் உட்கார்ந்திருந்த காக்கைகள் கிளம்பி ஏரியைத் தாண்டிக் கனடாவில்தான் இறங்கின. நம்பாதவர்கள் கனடாக்காரர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஒஹாயோவின் சோளக்காட்டு நடுவே இருக்கும் பிளம் கிரீக் கல்லூரியில் அன்று அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்களுக்குத் தேர்வு நாள். தொழில்முறை அணிகளுக்காக ஊர் ஊராய்ப் போய்ப் பையன்களை எடை போட்டு, கை நீளம் அளந்து, மதிப்புப் போடுகிற ஸ்கவுட்கள் ஏழு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். கண்ணெதிரே ஒருவன் மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கிறான். ஏழு பேரும் செய்த முதல் காரியம், ஓட்டக் கடிகாரத்தை நிறுத்தியதுதான்.

மருத்துவமனையில் ஓபி பிழைத்துக்கொண்டான். மூன்று நாள் இதயம் தாளம் தப்பித் துடித்தது. ரத்தத்தில் தூக்க மருந்து, ஒரு குதிரைக்குப் போதுமான அளவு. "பயத்துல பையனே ஏதோ முழுங்கியிருக்கான்" என்று உள்ளூர் ஷெரிஃப் கோப்பை மூடிவிட்டார். இரண்டே நாளில் முப்பத்திச் சொச்சம் அணிகளிலும் ஒரே பேச்சு: கிரீன்லீயா? போதை கேஸ்.

*

டொலிடோ படகோட்டிகள் அணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். போன வருடம் அவர்கள் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். அதுவும் எதிரணியின் பஸ் பனியில் சிக்கியதால். டொலிடோவில் பிள்ளை சாப்பிட அடம் பிடித்தால் "மேட்ச் டிக்கெட் வாங்கிக் குடுத்துடுவேன்" என்று தாய்மார்கள் மிரட்டுவார்கள். பிள்ளை தட்டையும் சேர்த்துத் தின்றுவிடும்.

அணிகள் முறை வைத்து ஏழு சுற்றில் புதுப் பையன்களைப் பொறுக்குவதற்கு டிராஃப்ட் என்று பெயர்; முதல் சுற்றில் போகிறவன் ராஜா, கடைசிச் சுற்றுகளில் போகிறவன் மலிவு. அதில் அவர்களுக்கு ஒரு லைன்பேக்கர் வேண்டும். முன்வரிசைக்குப் பின்னால் நின்று, பந்து எந்தப் பக்கம் வரும் என்று மோப்பம் பிடித்து, வருகிறவனைத் தரையில் சாய்க்கிறவன். படம் பார்க்கும் அறையில் இரண்டு பையன்கள் மாறி மாறித் திரையில் ஓடினார்கள்.

முதலாமவன் டெக்ஸ்டர் ஹாலோவே. தெற்கே பெரிய கல்லூரி. அப்பல்லோ சிலை மாதிரி உடம்பு.

"கையைப் பாருங்கய்யா, கையை!" என்றார் அணியின் மேலாளர் நெட் பர்க்விஸ்ட். "இங்க உக்காந்துக்கிட்டே மிச்சிகன்ல இருக்கறவனுக்குக் காபி ஊத்தலாம்."

"ஊத்தலாம் பாஸ்," என்றார் ஸ்கவுட் மார்வ் டிட்மர். "பந்தோட வர்றவனைப் புடிக்கச் சொன்னாத்தான் கஷ்டம். அதோ, பந்து போகுது. இவரு மரியாதையா வழி விடுறாரு பாருங்க. கல்யாண வீட்டு வாசல்ல நிக்கற மாதிரி."

இரண்டாமவன் ஓபி. குள்ளம். கை குட்டை. ஆனால் பந்து வைத்திருப்பவனுக்கே தான் எங்கே போகிறோம் என்று தெரிவதற்கு முன்னால் இவன் அங்கே போய்ச் சேர்ந்திருந்தான்.

"ஆறாவது சுற்றுல எடுக்கலாம்," என்றார் டிட்மர் அலட்சியமாக. "மலிவு." சட்டைப் பையிலிருந்து ஒவ்வாமை மாத்திரை ஒன்றை எடுத்துப் பொட்டுக்கடலை மாதிரி வாயில் போட்டுக்கொண்டார். வசந்தம் வந்தால் மரங்களின் பூந்தூள் அவருக்கு ஆகாது. மாத்திரை இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார்.

பர்க்விஸ்ட் மூலையில் இருந்தவளைப் பார்த்தார். வாண்டா ஷிமான்ஸ்கி, டொலிடோ போலீசில் முப்பது வருடம் கொலைக் கேஸ் பார்த்துவிட்டு, இப்போது அணியின் பாதுகாப்பு அதிகாரி. பையன்களின் யோக்கியதையைத் துருவுவது அவள் வேலை. தொத்திறைச்சி சாண்ட்விச்சை மென்றுகொண்டே திரையை முறைத்தாள்.

"வாண்டா, இந்தப் பையன் போதை கேஸா இல்லையா? சனிக்கிழமை டிராஃப்டோட கடைசிச் சுற்றுகள். அதுக்குள்ள சொல்லு. சுத்தமா இருந்தா எடுக்கறேன். இல்லைன்னா அவன் பேரு அட்டை சுவத்துலேர்ந்து இறங்கிடும்."

"சுத்தமா இருந்தா எடுப்பீங்க?"

"வாக்கு."

பர்க்விஸ்ட்டின் வாக்கு, டொலிடோவில் அடிக்கும் ஏப்ரல் வெயில் மாதிரி: அடித்தாலும் அடிக்கும், பனி கொட்டினாலும் கொட்டும். வாண்டா அதை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

லைமா ஊர். ஓபியின் வீட்டுச் சமையலறை.

"மேடம், எங்கம்மா மேல சத்தியமா நான் மாத்திரை எதுவும் போடல."

"சரிடா தம்பி. காலைல என்ன சாப்பிட்ட?"

"முட்டை. ஓட்ஸ்."

"குடிச்சது?"

ஓபி மேசையைப் பார்த்தான். "தண்ணி. அங்க வாசல்ல ஆரஞ்சுத் தண்ணி டிரம் வெச்சிருந்தாங்க."

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

அடுப்படியிலிருந்து அவன் அம்மா திரும்பினாள். "எம்புள்ளைக்கு வேற வழி இல்லைங்க. இதுல பேரு வரலைன்னா இவனை யாருக்கும் தெரியாது. அப்பாவோட எண்ணெய்க் கிடங்குக்குத்தான் போகணும்."

"மருத்துவமனையில எடை பாத்தாங்களாம்மா?"

"மறுநாள் காலைல. இருநூத்தி இருபத்திநாலு. எட்டு பவுண்டு இளைச்சுட்டான் பாவம், ஒரே ராத்திரியில!"

வாண்டா ஓபியைப் பார்த்தாள். ஓபி இன்னும் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

பிளம் கிரீக். பயிற்சியாளர் லானி ஸ்பெக், விசிலைக் கழுத்தில் கட்டிக்கொண்டே பிறந்த மனிதர்.

"அன்னிக்கு எல்லாப் பசங்களும் ஆமை மாதிரி ஓடினாங்க மேடம். ஈர மைதானம்."

"எல்லாருமா?"

"பந்தை உதைக்கற பையன் ஒருத்தன் மட்டும் அவன் ஜென்மத்துல ஓடாத ஓட்டம் ஓடினான். எப்பவும் கடைசி அவன்தான். வீட்லேர்ந்து பீட்ரூட் சாறு கொண்டுவந்து அதை மட்டும்தான் குடிப்பான். கிறுக்கு."

"நீங்க எப்படி இருந்தீங்க?"

"எனக்கே ஒரே கொட்டாவி. ஸ்கவுட்டுங்கள்ல பாதிப் பேரு நின்னுக்கிட்டே தூங்கினாங்க. உங்காளு டிட்மர் மட்டும்தான் தெளிவா இருந்தாரு. ஆனா தும்மல்! யப்பா! ஒரு தும்மலுக்கு என் விசில் தானா ஊதிடுச்சு. கண்ணெல்லாம் தக்காளி."

"ஓபியோட எடையைப் பாத்து என்ன சொன்னாங்க?"

ஸ்பெக் சிரித்தார். "சொல்றது என்ன? தராசு இருநூத்தி முப்பத்திரண்டு காட்டிச்சு. ஆறு ஸ்கவுட்டும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. டிட்மர் மட்டும் கோவிச்சுக்கிட்டாரு. 'இது சத்திய எடைடா, இந்தப் பையன்கிட்ட பொய்யே கிடையாது'ன்னாரு."

அன்று அரங்கில் இன்னொருவரும் இருந்தார்: டெக்ஸ்டரின் ஏஜென்ட் ஸ்லோன். போட்டிக்காரனை வேவு பார்க்க வந்தவர். ஓபியைக் கவிழ்க்கக் காரணம் உள்ளவர் என்றால் பளிச்சென்று அவர்தான். வாண்டா போனில் பிடித்தாள்.

"நீங்க அங்க என்ன பண்ணீங்க?"

"தூங்கினேன்."

"என்னது?"

"ரெண்டு கப் அந்த ஆரஞ்சுத் தண்ணியக் குடிச்சேன். காருக்குப் போனேன். எந்திரிச்சப்ப சாயங்காலம். கண்ணாடியில போலீஸ் அபராதச் சீட்டு. இதோ பாருங்க மேடம், என் பையன் முதல் சுற்று. அவன் ஆறாவது சுற்று. சிங்கம் எங்கயாவது எலிக்கு விஷம் வைக்குமா?"

வைக்காது. வாண்டா போனை வைத்துவிட்டு நெடுநேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். யார் என்று கண்டுபிடித்துவிட்டதில் அவளுக்குச் சந்தோஷமே வரவில்லை. பிறகு ஷெரிஃபைக் கூப்பிட்டாள்.

*

சனிக்கிழமை, மதியம் 3.15. டிராஃப்ட் அறை.

ஐந்தாவது சுற்று முடிந்திருந்தது. டெக்ஸ்டர் ஹாலோவேயை முதல் சுற்றிலேயே எடுத்தாயிற்று. தொலைக்காட்சியில் அவன் படகோட்டிகள் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சவ ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டவன் மாதிரி சிரித்தான். சுவரில் ஓபியின் பெயர் அட்டை கீழ் வரிசையில் ஒட்டியிருந்தது.

வாண்டா கதவைச் சாத்தினாள். "பையன் சுத்தம். விஷம் டிரம்முல இருந்திருக்கு."

"டிரம்முலயா?" பர்க்விஸ்ட் கண்ணாடியைக் கழற்றினார். "அதுல ஊரே குடிச்சுதே! விழுந்தது ஒருத்தன்தானே?"

"ஊரே தூங்கிச்சு பாஸ். பயிற்சியாளர் கொட்டாவி விட்டாரு. ஏஜென்ட் கார்ல சாஞ்சுட்டாரு. பசங்க ஆமையா ஓடினாங்க. டிரம்மைத் தொடாத உதைக்கற பையன் மட்டும் பறந்தான். ஒரு கப்புக்குக் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான் கணக்கு. ஆனா ஓபி குடிச்சது ஒரு கப் இல்ல. ஒரு கேலன்."

"கேலனா?"

"ஒரு கேலன் தண்ணி எட்டு பவுண்டு. தராசுல முப்பத்திரண்டு, மறுநாள் இருபத்திநாலு. இளைக்கல, இறங்கிடுச்சு. எடை கம்மியான லைன்பேக்கர் எவன்தான் தராசு ஏறுறதுக்கு முன்னாடி வயிறு முட்டத் தண்ணி குடிக்கல? ஆறு ஸ்கவுட்டும் அதுக்குத்தான் சிரிச்சாங்க. அந்த ஆறு பேர்ல எவன் மருந்து கலந்திருந்தாலும் ஓபி கேலன் கணக்குல குடிப்பான்னு தெரிஞ்சிருக்கும். செத்துடுவான்னு பயந்து கையை எடுத்திருப்பான். அந்த எடையை நிஜம்னு நம்பினவன் ஒருத்தன்தான்."

வாண்டா டிட்மர் பக்கம் திரும்பினாள்.

"அந்த ஒருத்தன் அன்னிக்குத் தூங்கல, கொட்டாவி விடல. தும்மினாரு. மாத்திரை இல்லாம வாசல் தாண்டாத மனுஷன், பூந்தூள் பறக்கற மைதானத்துல காலைல பூரா தும்மினாரு. அந்த மாத்திரை, தூக்கம் வர்ற மாத்திரை. அது அத்தனையும் எங்க போச்சு மார்வ்?"

டிட்மர் மேசை மேல் இரண்டு கையையும் விரித்து வைத்தார்.

"டப்பா பூராவையும் கொட்டினேன்," என்றார். "ஒரு கப் குடிப்பான், ஒரு இமைப்பொழுது மெதுவா ஓடுவான்னு நினைச்சேன். மத்த ஆறு பேரும் பேரை அடிச்சுட்டுப் போயிடுவாங்க. ஆறாவது சுற்றுல நமக்கு விழுவான். இருபத்தாறு வருஷம் வாண்டா! நான் சோளக்காட்டுல தேடிப்புடிச்ச ஒவ்வொருத்தனையும், நம்ம முறை வர்றதுக்குள்ள வேற எவனோ கொத்திக்கிட்டுப் போனான். இவன் ஒருத்தனாவது நம்ம சட்டையைப் போடணும்னு..."

"போட வெச்சிருக்கலாம் மார்வ். இவங்ககிட்ட முன்னாடியே எடுங்கன்னு கத்தியிருக்கலாம்."

"கத்தினா இங்க யாரு கேட்டா?"

உண்மைதான். பர்க்விஸ்ட் எழுந்து சுவரருகே போனார். ஓபியின் அட்டையைப் பிய்த்தார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் வாண்டா. "சுத்தமா இருந்தா எடுப்பேன்னீங்க."

"அவன் சுத்தமாத்தான் இருக்கான். நாமதான் இல்ல. நம்மாளே விஷம் வெச்சு, நாமளே மலிவா வாங்கினோம்னு நாளைக்குப் பேப்பர்ல வரும். லீக் நம்ம தோலை உரிச்சுக் கொடி கட்டிடும். இது இந்த அறையைத் தாண்டக் கூடாது."

"தாண்டிடுச்சு பாஸ். ஷெரிஃப் கீழ வண்டியில இருக்காரு."

டிட்மரை அழைத்துப்போவதை வாசலில் தவம் கிடந்த தொலைக்காட்சிக்காரர்கள் அத்தனை பேரும் படம் பிடித்தார்கள். வாண்டா நினைத்தது, உண்மை தெரிந்தால் மற்ற அணிகளாவது ஓபியை எடுக்கும் என்று. அவர்கள் காதில் விழுந்தது மூன்றே வார்த்தை: விஷம், இதயம், வழக்கு. ஆறாவது சுற்று போயிற்று. ஏழாவது சுற்றும் போயிற்று. படகோட்டிகள் தங்கள் கடைசி முறையில் ஒரு பந்து உதைக்கிறவனை எடுத்தார்கள். போன வருடம் எடுத்த உதைக்கிறவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

டிராஃப்ட் முடிந்ததும் மிச்சம் மீதிப் பையன்களுக்கு அணிகள் போன் போடும். அந்த ஒரு மணி நேரத்தில் ஒஹாயோவில் நொண்டிக்கும் போன் வந்தது, தாத்தாவுக்கும் போன் வந்தது. லைமாவில் கிரீன்லீ வீட்டில் மட்டும் சித்தப்பாக்களும் அத்தைகளும் வறுத்த கோழியைச் சுற்றி உட்கார்ந்து, மேசை நடுவில் இருந்த போனை அடை காத்தார்கள்.

6.05க்கு அது அடித்தது. டொலிடோ எண். வீடே எழுந்து நின்றது.

"ஹலோ! ஓபி பேசறேன் சார்!"

"தம்பி, நான் வாண்டா."

"ஓ." பின்னால் யாரோ ஒரு சித்தப்பா "எத்தனாவது சுற்றாம்? எத்தனாவது சுற்றாம்?" என்று கத்துவது கேட்டது. ஓபி அவரை அடக்கினான். "டிவியில பாத்தோம் மேடம். அப்ப அந்த ஓட்டம் கணக்குல சேராதில்ல?"

"சேராது."

"மறுபடி ஓட விடுவாங்களா?"

வாண்டா முப்பது வருடம் வீடு வீடாகப் போய்ச் சாவுச் செய்தி சொன்னவள். இதையும் அப்படியே சொன்னாள்.

"இந்த வருஷம் யாரும் கூப்பிட மாட்டாங்கடா தம்பி. அடுத்த வருஷமும் கஷ்டம்தான்."

"ம்." கோழி எலும்பு தட்டில் விழும் சத்தம். "மேடம், ஒண்ணு கேக்கட்டா? அந்த மார்வ் சார். அவரு நிஜமா என்னை எத்தனாவது சுற்றுன்னு நினைச்சாரு?"

கீழே வண்டியில் ஏற்றும்போது டிட்மர் அதைச் சொல்லியிருந்தார். யாரும் கேட்காமலே, அழுதுகொண்டே.

"முதல் சுற்று," என்றாள் வாண்டா. "டெக்ஸ்டருக்கு முன்னாடி."

போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவன் கத்துவது கேட்டது.

"அம்மா! முதல் சுற்றாம்மா!"

வீடே ஓவென்று கைதட்டியது. வாண்டா போனை வைக்கவில்லை. அவர்கள் தட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.