எஸ்தரின் மெஷின் கம்பெனி

“நீங்கள் ஒரு கம்பெனி தொடங்கினால் அதில் என்ன செய்வீர்கள்? வரைந்துகொண்டு வாருங்கள்” என்று மணியம்மாள் டீச்சர் சொன்னார். ஆறாம் வகுப்பு எஸ்தர் யோசிக்கவே இல்லை. அவளுடைய கம்பெனி மரம் அறுக்கும் மெஷின் செய்யும்.

அவளுடைய அப்பா ஜான்சனுக்கு அதுதான் வேலை. காற்றில் சாய்ந்த மரமோ, கரண்டு கம்பியில் உரசும் கிளையோ, சின்ன காஞ்சிபுரத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நாள் முழுவதும் மெஷின் அதிர்வதால், சாயங்காலம் டீ டம்ளரைப் பிடிக்கும்போதுகூட அவர் கை நடுங்கும்.

அதனால் எஸ்தரின் மெஷின் அதிராது. புகை விடாது. அதற்கு எட்டுக் கால்கள். தானே மரத்தில் ஏறும், தானே அறுக்கும், கிளையைத் தானே மெதுவாகக் கீழே இறக்கும். படத்துக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதினாள்: ‘ஆளே வேண்டாம்!’

சனிக்கிழமை பள்ளியில் கண்காட்சி. எஸ்தருக்குத்தான் முதல் பரிசு. ஜான்சன் வேலைக்குப் போகாமல், இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்.

பக்கத்தில் அவளுடைய தோழி துர்காதேவியின் படம் இருந்தது. புதுவிதத் தறி, மேலே மின்விசிறி, தறியில் அவளுடைய அப்பா நமச்சிவாயம்.

“என் தொப்பையைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாமேம்மா” என்றார் நமச்சிவாயம். பிறகு எஸ்தரின் படத்தைப் பார்த்துச் சிரித்தார். “இன்னா ஜான்சன், ஆளே வேண்டாமாமே! பொண்ணு கம்பெனி தொடங்கினா நீ வூட்டுல படுத்துக்கினு இருக்கலாம் போல!”

எல்லாரும் சிரித்தார்கள். ஜான்சனும் சிரித்தார். ஆனால் மற்றவர்கள் நகர்ந்த பிறகும் அவர் அங்கேயே நின்று, அந்த இரண்டு வார்த்தைகளை இன்னொரு முறை படித்தார். எஸ்தர் அதைப் பார்த்துவிட்டாள்.

வீட்டு வாசலில் வண்டியிலிருந்து இறங்கியதும், “நல்லா வரைஞ்சிருக்கம்மா” என்றார். அவ்வளவுதான்.

அன்று எஸ்தருக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவின் கைக்கு ஓய்வு கொடுக்க நினைத்துத்தான் அவள் அதை வரைந்தாள். ஆனால் அந்தப் படத்தில் மரம் இருந்தது, மெஷின் இருந்தது, மேகம்கூட இருந்தது. அப்பாதான் இல்லை.

மறுநாள் சர்ச்சிலிருந்து வந்ததும் அப்பா முன்னால் உட்கார்ந்தாள்.

“அப்பா, அந்தப் படம் தப்புப்பா.”

“பரிசு குடுத்தாங்களே. எப்டிம்மா தப்பாவும்?”

“அதுல நீ இல்லியே.”

எஸ்தர் புதிய தாளையும் பென்சிலையும் அவர் முன்னால் வைத்தாள். “உனக்கு எப்டிப்பட்ட மெஷின் வேணும்? நீயே போட்டுக் காட்டுப்பா.”

“என்னை யாரும் இப்டி கேட்டதே இல்லம்மா” என்று தயங்கியபடி அவர் பென்சிலை எடுத்தார். இடது கையால் எடுத்தார்.

எஸ்தர் நிமிர்ந்தாள். அப்பா பென்சில் பிடித்து அவள் பார்த்ததே இல்லை. “உனக்கு இடது கைப் பழக்கமாப்பா?”

“சின்ன வயசுலேர்ந்தே.”

“அப்போ மெஷின்?”

“மெஷினெல்லாம் வலது கைக்காரங்களுக்குத்தாம்மா செய்றாங்க. மெஷின் மாறாது, நான்தான் மாறிக்கினேன். பதிமூணு வருசமாச்சு.”

எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெஷினுக்கு எட்டுக் கால் யோசித்தவள், ஒரே வீட்டில் இருக்கும் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

“சாரிப்பா” என்றாள்.

“ஐயே, அதுக்கு ஏம்மா அழுவுற? இங்க பாரு, கைப்பிடி இந்தப் பக்கம் வரணும். அடியில மெத்துன்னு ரப்பர் வெச்சா கை அதிராது.”

“புகை?”

“வோணாம்.”

“எட்டுக் காலு?”

“என் ரெண்டு காலே போதும்மா!”

அழுகையோடு எஸ்தருக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. அழித்து அழித்து வரைந்ததில் மத்தியானத்துக்குள் அழிப்பான் பாதியாகத் தேய்ந்தது.

திங்கட்கிழமை அவள் புதிய படத்தை டீச்சரிடம் நீட்டினாள்.

“பரிசுதான் கொடுத்தாச்சே எஸ்தர்?”

“பரிசுக்கு இல்ல டீச்சர். செவுத்துல இருக்கிறத எடுத்துட்டு இத மாட்டணும்.”

டீச்சர் படத்தை நெடுநேரம் பார்த்தார். “இடது கைக்காரருக்கு ஒரு மெஷின்! இதை யார் யோசித்தது?”

“எங்கப்பா டீச்சர். எங்க கம்பெனிக்கு அவர்தான் இன்ஜினியர். நான் கலர் அடிச்சேன், அவ்ளோதான்.”