வந்து சேராத மூச்சு

அப்பா இருமினார். இதே இருமலைச் சற்று முன்பும் கேட்டோமே என்று அவளுக்குத் தோன்றியது. இருமல் என்றால் ஒன்றைப்போல ஒன்று இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த இழுவை, நடுவில் ஒரு திணறல், கடைசியில் தொண்டைச் செருமல், அதன்மேல் வந்த பெருமூச்சு, எல்லாமே அச்சடித்த மாதிரி அப்படியே இருந்தன.

விடுமுறை நாள் மதியம். போக வேறு இடமில்லாமல், கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று ஆபீசுக்கே வந்திருந்தாள். நாற்பது நாற்காலிகளுக்கு நடுவே ஈ காக்கை இல்லை. ஏசியின் முனகலும், யாரோ கழுவாமல் விட்டுப்போன கோப்பையின் புளித்த காபி வாடையும், ஜன்னல் திரையின் கோடுகோடான நிழலும்தான் கூட இருந்தன. இடது காதில் இயர்போன். அதற்குள் ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் தனியாக இருக்கும் அப்பா. அவர் அறையில் ஒரு சின்ன மைக் வைத்திருந்தாள். அங்கே எழும் சத்தம் நெட் வழியாக அந்த நொடியே இங்கே வந்துவிடும். இவள் பேசுவது மட்டும் அங்கே போகாது. "ஒட்டுக்கேக்குற வாலு," என்று அப்பா சிரிப்பார். அவருக்குத் துணை என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தாள். உண்மையில் துணை வேண்டியிருந்தது அவளுக்குத்தான்.

சத்தம் துண்டுதுண்டாகத்தான் வரும். வழியில் ஒரு துண்டு தவறிப்போனால், முன்னே வந்ததை வைத்து அதே மாதிரி ஒன்றைச் செய்து இடைவெளியை அடைத்துவிடும் நிரலை எழுதியவளே அவள்தான். அசல் காதில் பூச்சுற்றும் வேலை. ஆனால் கண் இமைக்கும் நேரத்துக்கு மட்டும். அதற்கு மேல் அமைதியாகிவிட வேண்டும்.

வந்த துண்டுகளின் கணக்கைக் கணினித் திரையில் திறந்தாள். கடைசித் துண்டு வந்தது இரண்டு மணிக்கு. அதற்குப் பிறகு பூஜ்யம். இப்போது மூன்று பத்து.

காதில் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அக்காவை போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, அப்பாவைக் கொஞ்சம் போய்ப் பாருங்களேன்."

"ரெண்டு மணியில இருந்து இங்க கரண்டே இல்லம்மா. தூங்குவாரா இருக்கும். இரு, சாவி எங்கிட்டதானே இருக்கு."

கரண்ட் இல்லை என்றால் மைக்கும் இல்லை.

வலது காதில், போனில், பூட்டு திறந்தது. செருப்புச் சத்தம். இடது காதில் மூச்சு மட்டும்.

"மாமா... மாமா! ஐயோ, நாற்காலியில சாஞ்சிருக்காரு, கை சில்லுன்னு இருக்கேம்மா. மூச்சே இல்லையேம்மா!"

அக்கா உடைந்து அழுதாள். இவளுக்கு அழ வரவில்லை. இடது காதில் இன்னும் மூச்சு. திரையில் பூஜ்யம். நிறுத்தக் கை போனது. விரல் அழுத்தவில்லை. நிறுத்திவிட்டால் இதுவும் போய்விடும்.

மூச்சு நின்றது. உற்றுக் கேட்பவர் மூச்சைப் பிடிப்பதுபோல.

"வாலு," என்றார் அப்பா. "யாரோ அழறாங்களே. யாருக்கு என்னாச்சு? இரு, எந்திரிச்சுப் பாக்குறேன்."

பூஜ்யம்.

நாற்காலி கிரீச்சிட்டது. இடது காதில்.

பிறகு வலது காதிலும்.

அக்காவின் அழுகை பாதியில் நின்றது.