மூன்றாவது சம்மதம்

புது சர்வரில் ஆஸியா இரண்டு பெயர்தான் போட்டிருந்தாள். திரையில் மூன்று இருந்தது.

ஒன்று அவளுடையது. இன்னொன்று ஜெகதளா ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் பார்க்கும் இசக்கிமுத்துவுடையது. மூன்றாவது அருள்ராஜ். இதே அறையில் அவளோடு வேலை பார்த்தவர். போன வாரம்தான் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள்.

பெர்ன்ஹில் ஆபீஸில் மத்தியானமே இறங்கிய மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. ஈரச் சுவரின் பூஞ்சை வாடையும், ஓயாமல் இரையும் சர்வர் விசிறிகளின் சூடான தூசி வாடையும் அவள் முக்காட்டில் படிந்துவிட்டிருந்தன. என்ன பிழைப்பு இது! மலைக்கு ஒன்றாய்ச் சிதறிக் கிடக்கும் டீ ஃபேக்டரிகளின் பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒரே இடத்தில் பூட்டி வைக்கும் சர்வர். யாரை நீக்குவதானாலும் உள்ளே இருக்கிற எல்லோரும் அவரவர் ரகசியச் சொல்லை அடித்துச் சம்மதிக்க வேண்டும், நீக்கப்படுகிறவரும்தான். மூவரும் சேர்ந்து வைத்த விதி. ஒருத்தர் செத்துப்போனால் என்ன செய்வது என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பழைய சர்வர் அருள்ராஜை விடமாட்டேன் என்றதால்தான், தூக்கம் கெட்டு, இதை அடியிலிருந்து புதிதாகக் கட்டினாள். வீட்டில் நிதா காய்ச்சலில் கிடக்கிறாள். முடித்துவிட்டு மகளிடம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

இதில் அருள்ராஜுக்கு அவள் சொல்லே கொடுக்கவில்லை, இரண்டு சம்மதம் போதும் என்று ‘அருள்ராஜை நீக்கு’ என்பதை அழுத்தித் தன் சொல்லை அடித்தாள். இசக்கிமுத்துவுக்குப் போன் போட்டாள்.

“நானும் அடிச்சுட்டனுங்க மேடம். நீங்க ஊட்டுக்குக் கெளம்புங்க, பாவம்.”

விசிறி இரைச்சல் ஏறி இறங்கியது.

அருள்ராஜ்: மறுக்கிறார்.

ஆஸியா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அடுத்த வரி வந்தது. ஆஸியாவை நீக்கு. கேட்பவர்: அருள்ராஜ். இசக்கிமுத்து: சம்மதம்.

“இசக்கி, என்னத்த அழுத்துனீங்க?”

“ஏனுங்க, நான் எதையும் தொடலீங்களே. இங்க கரண்டே போயிருச்சுங்க.”

போன் இணைப்பு அறுந்தது. விசிறிகள் நின்றன. திரை மட்டும் அணையவில்லை.

யா அல்லாஹ். இன்னும் ஒரு சம்மதம்தான் பாக்கி, அவளுடையது. அவள் சொல் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அடிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. கையை எடுத்துவிட்டால் போதும்.

கை கீபோர்டை விட்டு வரவில்லை.

ஒரு விரல் இறங்கியது. இன்னொன்று. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். ஜில்லென்று இருந்தது. அவளுடைய கையே இல்லை அது. எழுத்து எழுத்தாக. முழுச் சொல்லும்.

ஆஸியா: சம்மதம்.

தடுமாறி எழுந்து, செல்லை எடுத்து வீட்டுக்கு அடித்தாள்.

“நிதா கண்ணு, அம்மா கெளம்பிட்டேன்.”

“யாருங்க?”

“அம்மாடா.”

“எனக்கு அம்மா கெடையாதுங்களே,” என்றாள் நிதா, அந்நியரிடம் பேசும் மரியாதையோடு. “ராங் நம்பருங்க.”

வெளியே இருட்டிவிட்டது. திரை வெளிச்சத்தில் ஜன்னல் கண்ணாடியில் அறை முழுக்கத் தெரிந்தது. அவள் நாற்காலியில் அருள்ராஜ் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார், தலைமயிரெல்லாம் ஈர மண். கண்ணாடியில் வேறு யாரும் இல்லை.